துளிநீர் வரலாறு – 9: எந்த வெளிச்சத்தில் எடுத்த படம்?

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து வெறித்த பிறகு திண்டுக்கல் சமவெளியின் கண்மாய்களையும் குட்டைகளையும் போய்ப் பார்க்க வேண்டும். செம்மண் கலங்கல் மெல்ல அடங்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீரில் பச்சை பிடிக்கும். குடகனாற்று மடு, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தின் ஓரம், மலைக்கோட்டைப் பாறைக் குழியில் நிற்கும் மழைநீர் என எங்கே மொண்டாலும் அதில் பாசியும், சிலிக்கா ஓடு கொண்ட டயாட்டமும், சைக்ளாப்ஸ், டாப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சிகளும், சக்கர உயிரியும் அகப்பட வாய்ப்புண்டு.

அதில் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, கவர் ஸ்லிப் மூடி, கல்லூரி நுண்ணோக்கியில் வைத்து, அடியிலுள்ள ஆடியைச் சன்னல் பக்கம் திருப்பினால் வட்டம் முழுக்க வெள்ளை வெளிச்சம் கொட்டும். பாசி இழை தெரியும், மண்துகள் தெரியும். உயிரோடு ஓடுகிறவைதான் தெரியாது. ஏதோ ஓர் ஓரக்கோடு நெளிந்து மறையும், அவ்வளவுதான். உருப்பெருக்கம் போதவில்லை என்று நினைத்து மாணவர்கள் 10 எக்ஸ் லென்ஸிலிருந்து 40 எக்ஸுக்குத் தாவுவார்கள். இன்னும் மோசமாகும். பழக்கப்பட்டவர்கள் லென்ஸைத் தொடவே மாட்டார்கள். ஒளியைக் குவிக்கும் கண்டென்சருக்கு அடியில் இருக்கும் ஐரிஸ் என்ற துவாரத்தைக் கொஞ்சம் மூடுவார்கள். வெளிச்சம் குறையும், உயிரி தெரியும்!

சென்ற எட்டு இதழ்களிலும் லென்ஸின் கதையைப் பார்த்தோம். கண்ணாடியைத் தேய்த்தவர்களும் குழாயைப் பொருத்தியவர்களும் அதில் வந்துபோனார்கள். நுண்ணோக்கி வரலாற்றின் மறுபாதி லென்ஸுக்குக் கீழே நடந்தது. வெளிச்சத்தை எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு, எந்த நிறத்தில் விடுவது என்று மூளையைக் கசக்கியவர்களின் கதை அது. நீருக்குள் வாழும் நுண்ணுயிர்களை நமக்குப் படமாகத் தந்ததில் அவர்களுக்குச் சரிபாதிப் பங்குண்டு.

தெரியாததற்கு என்ன காரணம்?

சைக்ளாப்ஸ் ஒன்றும் அத்தனை சிறியது அல்ல. வெறுங்கண்ணுக்கே வெள்ளைப் புள்ளியாகத் துள்ளுவது தெரியும். வால்வாக்ஸ் என்ற பாசி பச்சைப் புள்ளியாக உருளும். நுண்ணோக்கிக்கு இவை பெரிய உயிர்கள். சிக்கல் அவற்றின் உடம்பில் இருக்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. உயிரணுவின் உட்பொருளுக்கு அது சற்றே கூடுதல். இரண்டும் இவ்வளவு நெருங்கி இருந்தால் ஒளி தடங்கலின்றி ஊடுருவிப் போய்விடும். நிறமும் கிடையாது, நிழலும் கிடையாது. சாயம் ஏற்றலாம், பெரும்பாலான சாயங்கள் உயிரியைக் கொன்றுவிடும். செத்த சக்கர உயிரி சுருங்கி உருண்டையாகிவிட்டால் அதைப் படம்பிடித்து என்ன லாபம்?

ஒளி ஊடுருவும் அந்த உடம்பு வரமும்தான். 1870இல் ரஷ்ய ஆய்வாளர் அலெக்ஸி ஃபெட்சென்கோ சைக்ளாப்ஸின் உடம்புக்குள் நரம்புச் சிலந்திப் புழுவின் இளம் பருவம் வளர்வதைக் கண்டறிந்தார். 1884இல் எலி மெச்னிகோஃப், டாப்னியாவுக்குள் புகுந்த ஈஸ்ட் கிருமிகளை அதன் உடலணுக்கள் சூழ்ந்து விழுங்குவதை உயிரோடு பார்த்து எழுதினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றி இன்று நாம் பேசுவதற்கெல்லாம் அடித்தளமிட்ட ஆராய்ச்சிகளில் அது ஒன்று. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. குளத்துப் பூச்சியின் தோல் மறைத்திருந்தால் இவ்விரண்டும் அவ்வளவு எளிதில் நடந்திருக்காது.

லேவன்ஹூக் சொல்லாமல் விட்டது

1665இல் ‘மைக்ரோகிராஃபியா’ நூலை வெளியிட்ட ராபர்ட் ஹூக், இரவில் வேலை செய்ய ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். விளக்குக்கு முன்னால் நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம், அதற்கு முன்னால் ஒரு லென்ஸ். விளக்கின் ஒளி குவிந்து பொருளின்மேல் விழும். அதை அவர் படம் வரைந்தே விளக்கிவிட்டார். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் அப்படியல்ல. 1674இல் ஏரி நீரில் ‘குட்டி விலங்குகளை’ப் பார்த்ததை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார், எப்படிப் பார்த்தார் என்பதில் ஒரு பகுதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அவருடைய ஒற்றை லென்ஸ் கருவிகள் சில இன்றும் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு அவர் கண்டதையெல்லாம் சாதாரண வெளிச்சத்தில் காண்பது கடினம். 1932இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய கிளிஃபர்ட் டோபெல், அந்த ரகசியம் இருட்டுப் பின்னணி ஒளியாக இருக்கலாம் என்று ஊகித்தார்.

இருட்டுப் பின்னணி என்பது நம் வீடுகளில் எல்லோரும் பார்த்த காட்சிதான். ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியே இருண்ட அறைக்குள் ஒரு கீற்று வெயில் விழும்போது, அதுவரை கண்ணில் படாத தூசியெல்லாம் மினுக்கிக்கொண்டு மிதக்கும். கீற்று நம் கண்ணுக்குள் நேராக வருவதில்லை. தூசியில் பட்டுச் சிதறும் ஒளி மட்டுமே வருகிறது.

நுண்ணோக்கியில் இதைச் செய்யக் கறுப்புக் காகிதம் போதும். வட்டமாக வெட்டி, கண்டென்சருக்கு அடியிலுள்ள ஃபில்டர் வளையத்தில் நட்டநடுவே வைக்க வேண்டும். நேராக மேலேறும் ஒளி தடைபடும். ஓரங்களிலிருந்து சாய்ந்து வரும் ஒளி லென்ஸைத் தொடாமல் விலகிப் போகும். வழியில் ஓர் உயிரி குறுக்கிட்டால், அதில் பட்டுச் சிதறியது மட்டும் லென்ஸுக்குள் நுழையும். வட்டு சிறிதானால் பின்னணி சாம்பல் பூக்கும். பெரிதானால் வெளிச்சமே வராது. ஒவ்வொரு கண்டென்சருக்கும் ஓர் அளவு உண்டு, வெட்டி வெட்டிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். சரியாக அமைந்துவிட்டால் கன்னங்கரிய வானத்தில் வால்வாக்ஸ் கோளம் கோளமாக மிதக்கும். சக்கர உயிரியின் தலையில் சுழலும் மயிரிழைகள்கூடத் தனித்தனியே ஒளிரும். 1850களில் பிரான்சிஸ் வென்ஹாம் என்ற ஆங்கிலேயர் இதற்கென்றே பரவளைய வடிவில் கண்ணாடிக் கண்டென்சர் செய்தார். விக்டோரியா காலத்துக் கனவான்களின் மாலைநேரப் பொழுதுபோக்காகக் குளத்து நீர் மாறியதில் இருட்டுப் பின்னணிக்குப் பெரிய பங்குண்டு.

வெயிலில் பிறந்த படங்கள்

புகைப்படம் பிறந்தபோதே நுண்ணோக்கியோடு ஒட்டிக்கொண்டது. 1839 ஜனவரியில் லண்டனில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தன் ஒளிப்படங்களை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தபோதே, சூரிய நுண்ணோக்கியில் எடுத்தவையும் அவற்றில் இருந்தன. சன்னலில் பொருத்திய ஆடி வெயிலைப் பிடித்துக் குழாய்க்குள் செலுத்தும்; பெரிதான பிம்பம் இருட்டறைச் சுவரில் விழும்; சுவருக்குப் பதில் ஒளியுணர் தாளை வைத்தார் டால்பட். 1845இல் பாரிஸில் ஆல்ஃபிரட் டோனேவும் லியோன் ஃபூக்கோவும் நுண்ணோக்கிப் படத்தொகுப்பு வெளியிட்டார்கள். டகேரியோடைப் என்ற ஒளிப்படத் தகட்டை அச்சில் ஏற்ற அப்போது எளிய வழியில்லை. ஆகவே படத்தைப் பார்த்துச் செதுக்கி அச்சிட்டார்கள்.

அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜோசப் வுட்வர்ட் 1870களில் இன்னொரு படி ஏறினார். வெயிலைத் தாமிர உப்பின் நீலக் கரைசல் வழியே செலுத்தி, நீல ஒளியில் மட்டும் டயாட்டம்களைப் படம்பிடித்தார். அலைநீளம் குறைந்த ஒளிக்கு நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன் கூடுதல். 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே அதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். எவ்வளவு நல்ல லென்ஸானாலும் ஏறத்தாழ அலைநீளத்தின் பாதிக்குக் கீழே உள்ளவற்றைப் பிரிக்க முடியாது என்பது அவர் கண்ட எல்லை. ஆம்ஃபிப்ளூரா என்ற டயாட்டத்தின் ஓட்டிலுள்ள கோடுகள் சரியாக அந்த எல்லையில் நிற்பவை. லென்ஸ் வாங்குகிறவர்கள் அதை வைத்துத்தான் தரம் பார்த்தார்கள்.

கவனியுங்கள், இந்தப் படங்களில் உயிரோடு ஓடுகிறவை அநேகமாக இல்லை. தகட்டில் படம் பதியப் பல நொடி ஆகும். அதற்குள் பாரமீசியம் வட்டத்தைக் கடந்துவிடும். பஞ்சு இழைகளைப் போட்டு வழியை அடைப்பது, கவர் ஸ்லிப்புக்கு அடியில் நீரைக் குறைத்து உயிரியை இலேசாக அமுக்குவது, கொழகொழப்பான மெத்தில் செல்லுலோஸ் கரைசலை விட்டு வேகத்தைக் குறைப்பது எனப் பல வித்தைகள் பின்னால் வந்தன. 20ஆம் நூற்றாண்டில் மின்னணு ஃபிளாஷ் வந்து, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் படம் பதிந்த பிறகுதான் ஓடுகிற உயிர் ஓடுகிறபடியே கிடைத்தது.

கோலரின் கடல் நத்தைகள்

விளக்கொளியில் படமெடுப்பவர்களுக்கு வேறொரு தலைவலி. விளக்கின் சுடரோ, மேண்டில் வலையோ அப்படியே படத்தில் விழும். நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் இருக்கும். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் கடல் நத்தை இனமொன்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற முயன்றுகொண்டிருந்த ஆகஸ்ட் கோலர் இதில் மாட்டிக்கொண்டார். நத்தையின் உறுப்புகளைச் சீராகப் படமெடுக்க வேண்டும். விளக்கின் பிம்பம் பொருளின்மேல் விழாமல் கண்டென்சரின் துவாரத்தில் விழும்படி லென்ஸ்களை அமைத்தார் அவர். விளக்கு எவ்வளவு திட்டுத்திட்டாக எரிந்தாலும் பொருளின்மேல் ஒளி சீராகப் பரவியது. இரண்டு ஐரிஸ்கள். ஒன்று வெளிச்ச வட்டத்தின் பரப்பை வரையறுக்கும். இன்னொன்று ஒளிக்கூம்பின் அகலத்தை வரையறுக்கும். 1893இல் இதைக் கட்டுரையாக எழுதினார். 1900இல் நுண்ணோக்கி செய்யும் ஜீஸ் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. இன்றைய தரமான ஆய்வக நுண்ணோக்கிகளுக்கு அடிப்படை அந்த அமைப்புதான்.

நிறம் சேர்த்தவர்களும் திருப்பியவர்களும்

1896இல் ஜூலியஸ் ரைன்பர்க் கறுப்பு வட்டுக்குப் பதிலாக நிற வட்டு வைத்தார். நடுவில் நீலம், சுற்றிலும் மஞ்சள் வளையம். பின்னணி நீலமாகும், உயிரி பொன்னிறமாகும். சாயம் ஏற்றாமலே சாயம் ஏற்றிய தோற்றம். மிட்டாய் சுற்றும் கண்ணாடித் தாளை வெட்டி இன்றைக்கும் இதைச் செய்து பார்க்கலாம். அழகு மிகுதி; ஆனால் அந்த நிறம் எதுவும் உயிரியுடையது அன்று.

இன்னொரு வழி முனைவாக்கிய ஒளி. ஒரு போலரைசர் தாளை ஸ்லைடுக்குக் கீழும் இன்னொன்றை மேலும் வைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால் வட்டம் இருண்டுவிடும். ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றக்கூடிய பொருள் மட்டும் அந்த இருளில் மின்னும். டாப்னியாவை அதில் பார்த்தால் உடம்பு மறைந்து தசைநார்கள் மட்டும் வெள்ளிக் கோடுகளாகத் துடிக்கும். குடலில் மணல் துகள் இருந்தால் அது வண்ணமாய்ச் சுடர்விடும். மாவு மணிகளில் கறுப்புச் சிலுவை தெரியும். பழுதான எல்.சி.டி. திரையிலிருந்து உரித்த தாளே இதற்குப் போதும்.

இவையெல்லாம் ஒளியைத் தடுத்தும் சாய்த்தும் திருப்பியும் செய்தவை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஸெர்னிகே அடிப்படையையே தொட்டார். உயிரணு ஒளியை விழுங்குவதில்லை, சரி. ஆனால் தாமதப்படுத்துகிறது. அதன் வழியே வந்த அலை, நீரின் வழியே வந்த அலையைவிடச் சற்றுப் பின்தங்கும். கண்ணுக்கோ தகட்டுக்கோ அந்தப் பின்தங்கல் தெரியாது. ஒளியின் கூடுதல் குறைச்சல்தான் தெரியும். நேராக வரும் ஒளியைக் கால் அலை நகர்த்தி, கொஞ்சம் மங்கலும் ஆக்கினால் பின்தங்கல் இருட்டாக மாறிவிடும் என்று கண்டார் அவர். இதை 1932இல் ஜீஸ் நிறுவனத்திடம் கொண்டுபோனபோது அங்கே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே நிறுவனம் 1941இல் அந்தக் கருவியைச் செய்தது. 1953இல் ஸெர்னிகேவுக்கு இயற்பியல் நோபல் வந்தது. உயிருள்ள, சாயமேறாத உயிரணுவுக்குள் உட்கருவும் நுண்ணுறுப்பும் தெளிவாகத் தெரிந்தன. அதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வோர் ஓரத்தையும் சுற்றிப் பொய்யான ஒளிவட்டம் ஒன்று விழும்.

1950களில் பிரான்சில் பணியாற்றிய போலந்துக்காரர் ஜார்ஜ் நோமார்ஸ்கி, ஒளிக்கற்றையை மயிரிழை இடைவெளியில் இரண்டாகப் பிரித்து, உயிரி வழியே அனுப்பி, மீண்டும் சேர்த்தார். பத்திரிகைகளில் நாம் காணும் அந்தப் புடைப்புச் சிற்பம் போன்ற படங்கள் அப்படி எடுத்தவை. மேடும் பள்ளமும் தத்ரூபமாகத் தெரியும். அவை ஒளிப்பாதையின் நீளம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதன் கணக்கே தவிர உயிரியின் உண்மையான மேடுபள்ளம் அல்ல.

நம் நாட்டுக் குளங்கள்

இந்தியக் குளங்களுக்கு வருவோம். பம்பாயில் ராணுவ மருத்துவராக இருந்த ஹென்றி ஜான் கார்ட்டர் 1850களில் அங்குள்ள நன்னீர் நிலைகளின் நுண்ணுயிர்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து வெளியிட்டார். அவர் விவரித்த ஒரு வால்வாக்ஸுக்கு 1878இல் ஜெர்மானியர் ஸ்டைன் அவர் பெயரையே சூட்டினார். அந்த வால்வாக்ஸ் கார்ட்டெரிதான் ஒற்றையணு உயிர் எப்படிப் பல்லணு உயிரானது என்ற ஆராய்ச்சியில் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதன் மரபணுத்தொகுதி 2010இல் வெளியானது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைப் பெரும் மரபாக வளர்த்தவர் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963). சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்திலும் பணியாற்றியவர், இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படுபவர். தென்னிந்தியாவின் கூட்டமைப்புப் பாசிகளைப் பற்றி, வால்வாக்ஸ் உட்பட, அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1933இல் லண்டன் லின்னேயன் சொசைட்டி இதழில் வந்தது. அக்காலப் பாசியியலில் கோட்டோவியமே முதன்மை. கண்வில்லையின் மேல் கேமரா லூசிடா என்ற சிறு பட்டகத்தைப் பொருத்தினால் பார்ப்பவரின் கண்ணுக்கு உயிரியும் பக்கத்திலிருக்கும் தாளும் ஒன்றாகத் தெரியும். பென்சிலை அதன்மேல் ஓட்டலாம்.

கேமரா கையில் இருந்தும் ஏன் வரைந்தார்கள்? நுண்ணோக்கிப் படம் ஒரே ஒரு தளத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். கோளமான வால்வாக்ஸில் ஒரு தட்டு தெளிவாகும், மேலும் கீழும் மங்கும். வரைபவரோ திருகை ஏற்றி இறக்கி, ஐரிஸைத் திறந்து மூடி, பல வெளிச்சத்தில் பல தளங்களில் பார்த்ததையெல்லாம் ஒரே ஓவியத்தில் சேர்த்துவிடுவார். அய்யங்காரின் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ என்ற பெருநூலும் கோட்டோவியங்களால் நிறைந்ததுதான். நீலப்பசும்பாசியை அடையாளம் காண உலகின் பல ஆய்வகங்களிலும் அதைப் புரட்டுகிறார்கள்.

அதே தேசிகாச்சாரி டயாட்டம் என்று வந்தபோது கேமராவின் பக்கம் நின்றார். 1986 முதல் 1989 வரை மெட்ராஸ் சயின்ஸ் ஃபவுண்டேஷன் வழியே பகுதி பகுதியாக வந்த ‘டயாட்டம் அட்லஸ்’ ஒளிப்படங்களின் தொகுப்பு. காரணம் பொருளிலேயே இருக்கிறது. டயாட்டத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது. அமிலத்தில் கொதிக்கவிட்டுச் சுத்தம் செய்தாலும் கரையாது, ஓடாது, சுருங்காது, பெரும்பாலும் தட்டை. நீரில் கிடந்தால் மங்கும். ஒளிவிலகல் எண் மிகுந்த பிசினில் பதித்தால் ஒவ்வொரு துளையும் எண்ணுகிறபடி துலங்கும். ஒளி எட்டாத நுட்பத்துக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும் என்பதை 1950களின் தொடக்கத்திலேயே உணர்ந்து, அதைக்கொண்டு டயாட்டம் ஓட்டை ஆராய்ந்து எழுதியவரும் அவரே.

நமக்கு இன்னும் அருகில் வந்தால் மதுரை. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முன்பு மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. மதுரைப் பல்கலைக்கழகத்தின் ஆர்.ஜி. மைக்கேல் நன்னீர் உயிரிகளை அடையாளம் காண உதவும் கையேட்டைப் பல்கலைக்கழக ஆய்விதழின் இணைப்பாக 1973இல் கொண்டுவந்தார். டாப்னியாவும் மொய்னாவும் அடங்கிய கிளாடோசெரா கூட்டம் அவருடைய தனித்துறை. வண்ணமீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் அதே மொய்னாதான். பி.கே. சர்மாவோடு சேர்ந்து அவர் எழுதிய இந்தியக் கிளாடோசெரா நூல் 1988இல் வெளியானது.

கைபேசிக் காலம்

2014இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் காகிதத்தை மடித்துச் செய்யும் ‘ஃபோல்ட்ஸ்கோப்’ நுண்ணோக்கியை அறிவித்தார்கள். பொருட்செலவு அப்போது ஒரு டாலருக்கும் குறைவு. லேவன்ஹூக்கின் ஒற்றை லென்ஸ் முறைக்கே திரும்பிய கருவி அது. இந்தியாவின் உயிரித்தொழில்நுட்பத் துறையும் அதைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டுசேர்க்கும் திட்டம் வகுத்தது. காந்தத்தால் கைபேசியோடு ஒட்டிக்கொள்ளும். பார்த்ததைச் சேமிக்கலாம், அனுப்பலாம். ஒரு தளம்தான் கூர்மையாகும் என்ற பழைய குறையையும் கணினி தீர்த்துவிட்டது. பல தளங்களில் எடுத்த படங்களின் கூர்மையான பகுதிகளை மட்டும் அது ஒன்றாக அடுக்கிக் கொடுக்கும். கேமரா லூசிடாக்காரர் கண்ணாலும் கையாலும் செய்ததை இப்போது மென்பொருள் செய்கிறது.

இத்தனை வசதிக்குப் பிறகும் ஒரு கேள்வி மட்டும் பழையபடியே நிற்கிறது. ஒரே டாப்னியா சாதாரண ஒளியில் மங்கல் கோடு. இருட்டுப் பின்னணியில் வெள்ளிப் பொம்மை. குறுக்குப் போலரைசரில் வெறும் தசைநார். ரைன்பர்க் வட்டில் பொன் பூச்சி. நோமார்ஸ்கியில் கல்லில் செதுக்கிய சிலை. ஐந்தும் ஒரே உயிரி, ஐந்தும் உண்மைப் படங்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றைக் காட்டவே இன்னொன்றை மறைக்கிறது. ரைன்பர்க் நிறத்தை உயிரியின் நிறம் என்றும், ஸெர்னிகே ஒளிவட்டத்தை உயிரணுவின் உறை என்றும், நோமார்ஸ்கி மேட்டை உண்மை மேடு என்றும் எடுத்துக்கொண்டால் படம் பொய் சொல்லவில்லை, படிக்கிறவர்தான் தவறாகப் படிக்கிறார்.

ஆகவே குளத்து நீரைப் படமெடுக்கும் மாணவர்கள் படத்தின் கீழே ஊரும் நாளும் உருப்பெருக்கமும் எழுதுவதோடு, எந்த வெளிச்சம் என்பதையும் ஒரு சொல்லில் எழுதிவிட வேண்டும். அந்த ஒரு சொல் இல்லாத படம் அழகாக இருக்கலாம், ஆதாரமாகாது. முடிந்தால் ஒரே உயிரியை இரண்டு வெளிச்சத்திலாவது எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அடுத்த இதழில், ஃபெட்சென்கோ சைக்ளாப்ஸுக்குள் கண்ட புழுவைப் பின்தொடர்ந்து படிக்கிணறுகளுக்குள் இறங்குவோம். நரம்புச் சிலந்தி நோயின் கடைசி இந்திய நோயாளி 1996இல் பதிவானார்; 2000இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. அந்த வெற்றியில் மருந்துக்குப் பெரிய வேலையே இல்லை. வேலை செய்தவை வடிகட்டும் துணியும், படிகள் நீக்கிய கிணறும், சொட்டு நீருக்குள் என்ன இருக்கிறது என்று ஊராருக்குக் காட்டிய விளக்கமும்தான்.

(தொடரும்)